வில்லையும் வெள்ளியும்

ரம்மி ஆட்டத்தைப் பற்றி எழுதப் புகுந்த நாம், அவ்வாட்டத்தை வெறுப்பவர் அல்லோம் என்பதை முதற்கண் கூறிவிடுகின்றோம். சீட்டு என்ற சொல்லைக் கேட்டதுமே காதைப் பொத்திக்கொள்ளும் சீர்திருத்தக்காரர் நம்மிடையே உண்டு. அவர்கள் எழுதும் கண்டனங்களை வாசிக்குந்தோறும், இவர் ஒரு நாளாயினும் பதின்மூன்று சீட்டைக் கையில் விசிறிபோல் விரித்துப் பிடித்தவரல்லர் என்பது நமக்குப் புலனாகிவிடும். கள்ளின் தீமையைக் குடியாதவனும் எழுதலாம். அதன் நாற்றமே போதிய சான்று. சீட்டிற்கு நாற்றமில்லை. அதன் இன்பம் இன்னதென்று அறியாதவன் அதன் தீமை எவ்விடத்தில் ஒளிந்திருக்கிறது என்பதையும் அறிய மாட்டான். நாம் ஆடியவர், இன்றும் ஆடுகின்றவர். ஆகவே ஆட்டத்தை முதலில் உள்ளபடி சொல்லிப் பின்னர் நமது தோட்டத்தில் நேர்ந்ததைச் சொல்லுவோம்.

சுங்கைப் பட்டாணியிலிருந்து பீடோங், குருண் வழியாக வடக்கே செல்லும் சாலையின் இருமருங்கிலும் ஒரு காலத்தில் பால்மரத் தோட்டங்களே நிறைந்திருந்தன. இன்று அவற்றிற் பல செம்பனையாயின. சில வீட்டு மனைகளாயின. லயத்து வீடுகளில் வாழ்ந்த தமிழர் பலர் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். வேலைக் காட்டில் இப்போது வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் மிகுதி. எஞ்சியுள்ள சில தமிழ்க் குடும்பங்களுக்குச் சனிக்கிழமை இரவு மிக நீண்டது. அந்நீளத்தைக் குறைப்பதற்கு வந்ததே ரம்மி. இழவு வீட்டில் விழித்திருக்கும் இரவிலும் தீபாவளிக்கு முந்திய இரவிலும் சீட்டுக்கட்டு தானாகவே வெளிவந்துவிடும். வைதிகரும் பகுத்தறிவாளரும் ஒரே பாயில் அமர்ந்து ஒற்றுமையாய்ச் செய்யும் சடங்கு இஃதொன்றே போலும்.

ஆட்டத்தின் முறை வருமாறு. இரண்டு கட்டுச் சீட்டுகளை ஒன்றாய்க் கலைக்க வேண்டும். கட்டொன்றுக்கு 52 ஆக 104 சீட்டு. அச்சிட்ட ஜோக்கர் கட்டுக்கு ஒன்று சேர்த்தால் 106. ஆட்டின், டைமன், கிளாவர், இஸ்பேடு என்ற நான்கு இனங்களும் நேயர்கள் அறிந்தனவே. ஆளுக்குப் பதின்மூன்று சீட்டுப் போட்டபின் ஒரு சீட்டை வெட்டித் திருப்பி, எஞ்சிய கட்டின் அடியில் பாதி தெரியும்படி செருகுவர். அதன் எண் எதுவோ அவ்வெண் கொண்ட சீட்டுகள் யாவும் அந்த ஆட்டத்திற்கு ஜோக்கர். எச்சீட்டின் இடத்திலும் அவை நிற்கலாம். பின்னர் ஒருவர் பின் ஒருவராய்க் கட்டிலிருந்தோ, முன்னவர் எறிந்த திறந்த சீட்டிலிருந்தோ ஒன்றை எடுத்து, வேண்டாத ஒன்றை எறிந்துகொண்டே வர வேண்டும். பதின்மூன்று சீட்டையும் வரிசைகளாகவும் கூட்டங்களாகவும் முதலில் அமைத்தவர் கையை இறக்கி வெற்றி பெறுவர். ஒரே இனத்தில் 5, 6, 7 என்று தொடர்ந்து வருவது வரிசை. வெவ்வேறு இனங்களில் மூன்று ராணிகள் அல்லது நான்கு ராணிகள் சேர்வது கூட்டம். நம்மவர் இதனைச் செட்டு என்பர். வரிசை இரண்டேனும் வேண்டும். அவற்றுள் ஒன்று ஜோக்கரின் துணையின்றித் தன் காலிலேயே நிற்பதாய் இருத்தல் வேண்டும். அவ்வரிசைக்கு 'லைஃப்' என்று பெயர். உயிர் என்பதே அதன் பொருள், பொருத்தமான பெயரே. லைஃப் சேராதவன் கையில் ஏனைய சீட்டுகள் எத்துணை அழகாய் அமைந்திருந்தாலும், மற்றொருவர் இறக்கிய கணத்தில் அத்தனையும் அவனுக்குக் கடனாகும்.

கடனைக் கணக்கிடும் வகை எளிது. ராஜா, ராணி, ஜாக்கி, ஏஸ் ஆகியவை தலைக்குப் பத்துப் புள்ளி. ஏனையவை தத்தம் எண்ணளவு. எவ்வளவு கெட்ட கையாயினும் 80 புள்ளிக்குமேல் ஏறாது. தொடக்கத்திலேயே, ஒரு சீட்டும் எடுக்காமல், 'இக்கை ஆகாது' என்று கவிழ்த்துவிட்டால் 20 புள்ளியோடு தப்பலாம். நடுவில் விலகினால் 40. தவறாக இறக்கிவிட்டால் முழு 80.

இவ்வளவும் கற்பதற்கு ஓரிரவு போதும். நன்றாய் ஆடுவதற்கோ ஆண்டுகள் வேண்டும். கையில் ஆட்டின் 7-உம் 8-உம் இருப்பதாகக் கொள்வோம். அவற்றை வரிசையாக்க 6 வந்தாலும் ஆகும், 9 வந்தாலும் ஆகும். இரண்டு கட்டிலும் சேர்த்து அத்தகைய சீட்டு நான்கு. அதற்கு மாறாக 7-உம் 9-உம் இருந்தால் நடுவிலுள்ள 8 ஒன்றே வழி. அஃது இரண்டு சீட்டே. ஏஸும் 2-உம் வைத்திருப்பவனுக்கும் அதே நிலை. அவனுக்கு 3 ஒன்றே கதி. புதிதாய் ஆடுவோர் இவ்வேறுபாட்டை எண்ணுவதில்லை. ராஜாவும் ராணியும் கண்ணுக்கு அழகாய் இருத்தலால் அவற்றைக் கடைசிவரை கட்டிக்கொண்டு அழுவர். கைதேர்ந்தவரோ பெரிய சீட்டுகளை முதல் மூன்று சுற்றுக்குள் கழித்துவிடுவர். எதிரி எதை எடுத்தான், எதை எறிந்தான், எதை எறியத் தயங்கினான் என்பதை மனத்தில் குறித்துக்கொண்டே வருவர். நாம் அறிந்த ஒரு முதியவர், பால்வெட்டில் நாற்பதாண்டு கழித்தவர், எழுத்தறியாதவர், ஆட்டம் முடிந்தபின் ஆறு பேரும் எறிந்த சீட்டுகளை வரிசை பிறழாமல் ஒப்பிப்பார். அவரைப் பள்ளிக்கு அனுப்பியிருந்தால் என்று நினைத்து நாம் வருந்தியதுண்டு. நமது இனம் தோட்டத்தில் இழந்தது எவ்வளவு என்பதற்கு அவருடைய நினைவாற்றல் ஒன்றே போதுமான கணக்கு.

ரம்மி திறமையின் ஆட்டமா, தற்செயலின் ஆட்டமா என்ற வினா நீதிமன்றம் வரை சென்றதுண்டு. செகந்திராபாத்தில் கிரசென்ட் பொழுதுபோக்கு மன்றம் ஒன்றிற் போலீசார் புகுந்து பிடித்த வழக்கில், இந்திய உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு 1968-ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுதியில் உள்ளது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைப்பதும், எதை வைத்து எதை எறிவதென்று தேர்வதும் திறமையையே பெரிதும் வேண்டுதலால் ரம்மி முற்றும் தற்செயலாட்டம் அன்று என்பது அதன் சாரம். மூன்று சீட்டு ஆட்டத்தோடு இதனை ஒன்றாகக் கருதலாகாது என்றும் கூறிற்று. ஆங்கிலத்திலுள்ள அத்தீர்ப்பை வாசித்த அன்று நாம் பெருமகிழ்ச்சி அடைந்ததை ஒளிப்பானேன்? அதே தீர்ப்பில், ஆட்டத்தை நடத்துவோர் பந்தயத்திலிருந்து ஆதாயம் பெறுவாராயின் குற்றம் குற்றமே என்று ஒரு வரி உண்டு. அவ்வரியை நாம் விரைவாய்த் தாண்டிச் சென்றோம். நமது மலேசிய நாட்டில் 1953-ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்ட மனைச் சட்டமோ, தற்செயலும் திறமையும் கலந்த ஆட்டத்தையும் சூதாட்டக் கணக்கிலேயே சேர்க்கின்றது. பணம் மட்டுமன்றிப் பணத்தின் மதிப்புள்ள எதுவும் பந்தயமாகலாம் என்கின்றது. அதனையும் அக்காலத்தில் நாம் பொருட்படுத்தவில்லை. நமது ஆட்டம் நண்பர் அறுவர் ஒரு வீட்டுத் திண்ணையில் ஆடுவது. அதனை எந்தச் சட்டம் வந்து கேட்கும் என்றிருந்தோம்.

அறுவரும் யாரெனில், நாம் ஒருவர், மண்டோர் ஒருவர், டிராக்டர் ஓட்டும் நண்பர், அவர்தம் மைத்துனர், குருணிலிருந்து வரும் லாரி ஓட்டுநர், சுங்கைப் பட்டாணியில் மளிகைக்கடை வைத்திருக்கும் ஒருவர். தொடக்கத்தில் ஆட்டம் சில்லறைக் காசில் நடந்தது. புள்ளி ஒன்றுக்குப் பத்துக் காசு. பாயின் நடுவே நாணயம் குவிந்து கிடக்கும், ஒருவர் கால் பட்டால் உருளும், சில்லறை போதாது, யார் எவ்வளவு போட்டார் என்பதிற் பூசல் எழும். கிராணி வேலை பார்ப்பவருக்கு ஒழுங்கற்ற கணக்கைக் கண்டால் உடம்பு கூசும். ஒரு தீபாவளிக்குப் பினாங்கு சென்றிருந்தபோது நாமே நமது செலவில், மரப்பெட்டியில் அடுக்கிய 200 வில்லைகளை வாங்கி வந்தோம். சிப்பு என்பர் பட்டணத்தார். வெள்ளை 100, சிவப்பு 60, நீலம் 40. வெள்ளைக்கு ஒரு புள்ளி, சிவப்பிற்கு ஐந்து, நீலத்திற்கு இருபது என்று விதித்தோம். ஆளுக்கு வெள்ளை பதினைந்து, சிவப்பு ஒன்பது, நீலம் ஆறு. கூட்டினால் 180 புள்ளி. பத்துக் காசு வீதம் 18 வெள்ளி. தீர்ந்துபோனால் பெட்டியிலிருந்து மீண்டும் பெறலாம். பெறுவதை நமது குறிப்பேட்டில் எழுதிக்கொள்வோம். சம்பளத்தன்று தீர்வை. பூசல் ஒழிந்தது. பாயின்மீது அழுக்குக் காசு இல்லை. வழவழப்பான வில்லைகள் ஒன்றோடொன்று தட்டுப்படும் இனிய ஒலி மட்டும் எழுந்தது. அன்று நண்பர்கள் நம்மைப் பாராட்டினர். நாமும் பெரிய சீர்திருத்தம் செய்துவிட்டதாகவே எண்ணியிருந்தோம்.

காசுக்குப் பதில் வில்லை என்பது நாம் கண்ட புதுமை அன்று. சயாம் நாட்டில் சீனர் நடத்திய சூதாட்ட மனைகளில் பீங்கானாற் செய்த சிறு வில்லைகள் வழங்கின. சில்லறைத் தட்டுப்பாட்டினால் அவை சூதாட்ட மனையின் வாயிலைக் கடந்து சந்தைக்கு வந்தன. காய்கறிக்காரியும் அவற்றை வாங்கினாள். 1875-இல் அரசு தடுக்கும்வரை அவை நாணயம்போலவே உலவின. நமது கெடா 1909 வரை அந்தச் சயாமுக்கே கப்பங் கட்டிய நாடு. கடலுக்கு அப்பால் சுமத்திராவின் டெலிச் சீமையிலோ, சென்ற நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டின் இறுதியில், தோட்ட முதலாளிமார் தங்கள் பெயர் பொறித்த உலோக வில்லைகளைக் கூலியாகவே கொடுத்தனர். அவ்வில்லை அத்தோட்டத்துக் கடையிலன்றி வேறெங்கும் செல்லாது. இலங்கையின் காப்பித் தோட்டங்களிலும் நம்மவர் கையில் அத்தகைய வில்லைகள் ஏறியதுண்டு. சூதாடுபவனிடம் இருந்த வில்லை பணமாயிற்று. உழைத்தவனிடம் இருந்த பணம் வில்லையாயிற்று. வில்லைக்கு விலை சொல்லும் உரிமை அதைக் கையில் வைத்திருப்பவனிடம் இல்லை. பெட்டியை வைத்திருப்பவனிடமே இருந்தது. இதனையெல்லாம் நாம் நூல்களில் வாசித்தது உண்மை. வாசித்துவிட்டு நமது பெட்டியைத் துடைத்து மூடி வைத்ததும் உண்மை.

மூன்று மாதம் கழித்து ஓர் இரவு, கடைக்காரர் கொட்டாவி விட்டபடி, "பத்துக் காசிலே சுரணையே இல்லை, கிராணியாரே. புள்ளிக்கு இருபது வைப்போமே" என்றார். எவரும் மறுக்கவில்லை. மறுப்பதற்கு என்ன இருந்தது? நாணயத்தில் ஆடிக்கொண்டிருந்தால், இரு மடங்கு காசை எடுத்து வைக்க வேண்டிய கை ஒரு கணம் தயங்கியிருக்கும். சட்டைப் பையின் கனம் குறைவது தெரிந்திருக்கும். வில்லையிலோ ஒரு மாற்றமும் இல்லை. முன்னிருந்த நீலமே இப்போதைய நீலம்; அதே கனம், அதே வழவழப்பு, அதே ஒலி. இரண்டு வெள்ளியாயிருந்தது நான்கு வெள்ளியாயிற்று என்பது நமது குறிப்பேட்டின் முதற் பக்கத்தில் நாம் அடித்துத் திருத்திய ஒரு வரியில் மட்டுமே தெரிந்தது. ரம்மியின் தீமையைத் தேடுவோர் சீட்டில் தேடுகின்றனர். நாம் கண்ட அளவில் அஃது அவ்வொரு வரியில் இருந்தது.

டிராக்டர் ஓட்டும் நண்பர் மோசமான ஆட்டக்காரர் அல்லர். அவரிடமிருந்த குறை ஒன்றே: கையைக் கவிழ்க்க மாட்டார். இருபது புள்ளியோடு தப்பவேண்டிய கையை வைத்துக்கொண்டு, 'இன்னொரு சீட்டு, இன்னொரு சீட்டு' என்று எண்பதுக்குச் செல்வார். நாணயக் காலத்திலும் அவர் அப்படித்தான்; ஆயினும் பை காலியானதும் எழுந்து போய்விடுவார். வில்லைக் காலத்தில் அவர் எழவேண்டிய தேவை இல்லை. நாம் எழுதிக்கொண்டிருந்தோம். அவருக்கு ஒவ்வொரு முறையும் பெட்டியைத் திறந்து நீலத்தை எண்ணிக் கொடுத்தது, காலையில் அவர் பெயருக்கு நேரே செக்ரோலில் அன்றைய வேலையைக் குறித்த அதே கை. நான்கு சனிக்கிழமை முடிவில் அவர் கணக்கு 460 வெள்ளி. 2025 பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதத்திற்கு 1,700 வெள்ளி. அதனை 26 நாளுக்குப் பகுத்தால் நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 காசு. 460 என்பது ஏழு நாள் உழைப்புக்குச் சற்று மேல். இக்கணக்கை நாம் பிறகுதான் போட்டுப் பார்த்தோம். போடத் தெரியாதவரல்லோம், நாள்தோறும் அதுவே நமது தொழில்.

சம்பளம் வங்கிக்கே போய்விடுவதால் இக்காலத்தில் சம்பள நாளன்று ஆபீசு வாசலில் வரிசை இல்லை. அவ்வாறிருக்க, அம்மாதச் சம்பளம் விழுந்த மறுநாள் காலை அந்நண்பரின் மனைவியார் ஆபீசிற்கு வந்தார். கையில் சம்பளச் சீட்டு. அதில் ஏதோ பிடித்தம் மிகுந்துவிட்டதென்று கேட்க வந்திருக்கிறார் என்று எண்ணி நாம் பேரேட்டை எடுத்தோம். அவர் அதனைக் கவனிக்கவில்லை.

"ஐயா, வீட்டிலே பணத்தைக் கேட்டா, சீட்டுக்குக் கட்டிட்டேன்னு சொல்றாரு. சீட்டுப் பிடிக்கிற அம்மாவைக் கேட்டா, ரெண்டு மாசமா வரவே இல்லைங்கிறாங்க. எந்தச் சீட்டுங்க அது?"

அந்நண்பர் பொய் சொல்லவில்லை என்பது நமக்கு உடனே விளங்கியது. நமது மொழியில் ஏலச் சீட்டும் சீட்டுத்தான், ஆடுகின்ற சீட்டும் சீட்டுத்தான். நாம் வாளாவிருந்தோம். அவ்வம்மையார் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு நீல வில்லையை மேசைமீது வைத்தார். இரண்டு வாரத்திற்கு முன் பிள்ளை தகப்பனாரின் சட்டைப் பையிலிருந்து எடுத்து விளையாடியதாம்.

"இதுக்கு ஐயா கணக்கிலே என்ன விலைங்க?"

"நான்கு வெள்ளி."

"ரெண்டு வெள்ளின்னு பிள்ளைகிட்டே சொன்னாரே."

கணவர் பொய் சொன்னதாகவே அவர் நினைத்திருப்பார். பிள்ளை கேட்டபோது அவருக்கே பழைய விலைதான் நினைவில் இருந்தது என்பதை நாம் எப்படி எடுத்துரைப்பது? இரண்டு வாரத்திற்கு முந்திய ஒரு சனிக்கிழமைக் கணக்கு நான்கு வெள்ளியால் நேராகாமல் நின்றதும், அதனை நாம் தேநீர்ச் செலவிற் சேர்த்துச் சரிக்கட்டியதும் அப்போது நினைவிற்கு வந்தன. இந்த நீலமே அந்த நான்கு வெள்ளி. இதைத் திருப்பித் தந்தால் உங்கள் கணவர் கணக்கு 460-இலிருந்து 456 ஆகும் என்று சொல்ல வாயும் திறந்தோம். கிராணித் தொழில் மனிதனை எவ்வளவு தூரம் கொண்டுவந்துவிடுகிறது என்பதை அன்று போல் நாம் என்றும் உணர்ந்ததில்லை. நல்லகாலமாக வாயை மூடிக்கொண்டோம். அவர் சிறிது நேரம் நின்றார். பின்னர் வில்லையை எடுத்து மீண்டும் முந்தானையில் முடிந்துகொண்டு, வணக்கமும் சொல்லாமல் சென்றுவிட்டார்.

அன்று மாலையே நமது குறிப்பேட்டில் அந்நண்பர் நமக்குத் தரவேண்டியிருந்த 90 வெள்ளியை அடித்துவிட்டோம். மற்றவரையும் அவ்வாறே செய்யும்படி வேண்டினோம். மண்டோரும் மைத்துனரும் உடன்பட்டனர். லாரி ஓட்டுநர் மௌனமாயிருந்தார். கடைக்காரர் மட்டும் நேராகவே கேட்டார்: "போன மழைக்காலத்திலே நான் முந்நூறு தோற்றேனே, எனக்கு யார் அடித்தது? கடையிலே கடன் சொன்னால் அடிக்கிறேன், கிராணியாரே. ஆட்டத்திலே அடிக்க மாட்டேன்." அவரைக் கொடியவர் என்று எழுதிவிட நமக்கும் ஆசைதான். ஆனால் அவர் சொல்லுக்கு விடை நம்மிடம் இல்லை. அவர் தோற்ற இரவில் நாமும் வென்றவருள் ஒருவர். இதற்கிடையே டிராக்டர் நண்பரே வந்து எல்லாவற்றையும் முறித்தார். யார் அடித்தாலும் தாம் ஏற்பதில்லை என்றார். "ஆடினது நான். பிச்சை வாங்கினவன்னு பேர் வேண்டாம்." தன்மானத்தைப் பற்றி மேடைகளில் எவ்வளவோ பேசியிருக்கிறோம், அஃது இவ்வுருவில் எதிரே வந்து நிற்குமென்று எதிர்பார்க்கவில்லை. மூன்று மாதத் தவணையில் 460 வெள்ளியையும் கட்டித் தீர்த்தார். நமது 90 வெள்ளியை அவர் மேசைமீது வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமற் போனார். அதனை அவருடைய பிள்ளையின் தமிழ்ப்பள்ளிச் செலவிற்கென்று அம்மையாரிடம் கொடுத்தனுப்பினோம். அவர் வாங்கிக்கொண்டார். வாங்கியது நம்மை மன்னித்து அன்று. பணம் அவருடையது என்பதனாலேயே.

இதே பீடோங் வட்டாரத்தில் 1946, 47-ஆம் ஆண்டுகளில், ஹார்வர்டு தோட்டத்து ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்ததை முதியோர் வாயிலாக நாம் கேட்டிருக்கிறோம். கள்ளுக்கடையின் முன் மறியல் செய்தனர். 1947-இல் போலீசாரோடு மோதல் மூண்டு உயிரும் போயிற்று. கூலி கொடுத்த தோட்டமே கள்ளையும் விற்று அக்கூலியைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் வழியை அவர்கள் மறித்தனர். கள்ளுக்கடைக்கு ஒரு வாசல் இருந்தது; அதன் முன் நிற்கலாம். நமது மரப்பெட்டியின் முன் யார் நிற்பது? வள்ளுவனார் கள்ளை 93-ஆம் அதிகாரத்திலும் சூதை 94-ஆம் அதிகாரத்திலும் அடுத்தடுத்து வைத்தார். நம்மவர் முன்னதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிட்டனர்.

அரசினரும் வாசல் உள்ளவற்றையே மூட வல்லவர். கெடா அரசு உரிமத்தைப் புதுப்பியாது விட்டதால் 2023 ஜனவரி முதல் தேதியோடு மாநிலத்தில் நம்பர்க் கடைகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் இணைய ரம்மியைத் தடுக்க 2022-இல் சட்டம் செய்தனர். ரம்மி திறமையின் ஆட்டமே என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தடையிலிருந்து அதனை விலக்கிற்று. 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றமோ, திறமையோ தற்செயலோ, பணம் வைத்து இணையத்தில் ஆடும் ஆட்டம் எதுவாயினும் தடை என்று சட்டம் இயற்றிவிட்டது. இங்கு நமது இளைஞர் பலர் கைத்தொலைபேசியிலேயே ரம்மி ஆடுகின்றனர். அதில் வில்லைகூட இல்லை. திரையின் ஓரத்தில் ஓர் எண் ஏறி இறங்குகின்றது. முதலில் இலவசமாகவே ஆயிரம் தருவர். அதில் ஒரு நீலத்தைச் சட்டைப் பையிற் கண்டெடுத்து மேசைமீது வைத்துக் கேட்க எந்த மனைவியாராலும் இயலாது.

நமது திண்ணையில் இன்றும் சனிக்கிழமைதோறும் ஆட்டம் உண்டு. கணக்கு வைப்பதற்கு ரப்பர்க் கொட்டைகளைப் பயன்படுத்துகின்றோம். தோட்டத்தின் எல்லையில் சிறுநில உடைமைக்காரரின் பால்மரங்கள் இன்னும் உள்ளன, பிள்ளைகள் பொறுக்கி வருவர். ஒரு கொட்டைக்கு ஒரு புள்ளி, விலை ஏதுமில்லை. "உப்பில்லாக் கஞ்சி" என்று சொல்லிக் கடைக்காரர் வருவதை நிறுத்திவிட்டார். லாரி ஓட்டுநரும் அவரோடு போய்விட்டார். ஆட்டத்தில் முன்போல் காரம் இல்லை என்பது உண்மையே. எண்பதுக்குச் செல்லும் கையை எல்லோரும் துணிந்து ஆடுகின்றனர், ஒருவரும் கவிழ்ப்பதில்லை. டிராக்டர் நண்பர் சில இரவுகளில் வந்து திண்ணையின் ஓரத்தில் அமர்ந்து பார்ப்பார். சீட்டுப் போடட்டுமா என்று கேட்டால் வேண்டாமென்று கையசைப்பார்.

வில்லைப் பெட்டி நமது ஆபீசு மேசையின் அடி இழுப்பில் இருக்கின்றது. சென்ற மாதம் தூசி தட்டும்போது எண்ணிப் பார்த்தோம். வெள்ளை 100, சிவப்பு 60, நீலம் 39. அந்த ஒன்றை அவ்வம்மையாரிடம் திருப்பிக் கேட்க நமக்கு மனம் வரவில்லை.